தாது வருஷப் பஞ்சத்தை இணையத்தில் தேடும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் ஆய்வுத் திட்டம் எழுத வரும் மாணவர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது தாது வருஷப் பஞ்சத்தைத் தலைப்பாக எடுக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் அது. சேலம், தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வீட்டில் கேட்ட கதையும்கூட. ஆர்வமாகத் தொடங்குவார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, "எல்லாத் தளத்திலும் தேடிவிட்டேன், ஒன்றுமே இல்லை" என்பார்கள். ஆவணம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைக் கேட்கும் விதம்தான் பழக வேண்டும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வேறு தலைப்பில் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதன்மைச் சான்று என்றால் சரியாக என்ன?

நீங்கள் ஆராயும் காலத்தில், அந்தச் சம்பவத்துக்குள் இருந்தவர்களோ அதைப் பார்த்தவர்களோ உண்டாக்கியது. கலெக்டர் சென்னைக்கு எழுதிய கடிதம், அந்த வாரத்துப் பத்திரிகை, மக்கள்தொகைக் கணக்கு, புகைப்படம், அச்சில் வந்த கும்மிப் பாட்டு எல்லாம் இதில் அடங்கும். பின்னால் வந்த ஆய்வாளர் இவற்றைப் படித்து எழுதியது இரண்டாம் நிலைச் சான்று.

ஆனால் இது பொருளின் மேல் ஒட்டிவைத்த முத்திரை அல்ல. உங்கள் கேள்வி மாறினால் இதுவும் மாறும். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். நிவாரண நிதிக் குழுவின் செயலாளரும் அவர்தான். சென்னையிலிருந்த ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் பஞ்சத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்கள் கேள்வியானால், அந்தப் புத்தகம் முதன்மைச் சான்று. ஒரு தாலுகாவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கேள்வியானால், டிக்பி மற்றவர்களின் அறிக்கைகளைத் தொகுத்தவர்தான்; நீங்கள் அந்த அறிக்கைகளைத் தேடிப் போக வேண்டும்.

எங்கே தொடங்குவது? நேராக ஆவணத் தளத்துக்கே போய்விடலாமா?

போகாதீர்கள். முதலில் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையைப் படியுங்கள். ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம். கட்டுரையை ஒரு முறை படித்துவிட்டு அடிக்குறிப்புகளை இரண்டு முறை படியுங்கள். எந்தத் துறை, எந்த மாதம், எந்த அதிகாரி என்று அங்கே இருக்கும். தேடலுக்கு உங்களுக்குத் தேவையானது அதுதான்.

அப்புறம் கேள்வியைச் சுருக்குங்கள். 'தாது வருஷப் பஞ்சம்' என்பது ஒரு மாணவர் ஒரு பருவத்தில் தூக்கக்கூடிய சுமை இல்லை. '1877இல் சேலம் மாவட்டத்தில் கஞ்சித்தொட்டிகள் எப்படி நடந்தன?' என்பது தூக்கக்கூடியது. இடம், ஆண்டு, ஒரு செயல் ஆகிய மூன்றும் கேள்வியில் இருந்தால் தேடுபெட்டியில் என்ன தட்டுவது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சரியாகத்தான் தட்டுகிறேன். ஆனாலும் 'முடிவுகள் இல்லை' என்றே வருகிறதே?

பத்தில் எட்டுப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் இன்றைய சொற்களால் தேடுகிறீர்கள். ஆவணம் அன்றைய குமாஸ்தாவின் சொற்களால் எழுதப்பட்டிருக்கிறது. அவர் திருநெல்வேலியை 'டின்னவெல்லி' (Tinnevelly) என்று எழுதினார். திருச்சி அவருக்கு 'டிரிச்சினாப்பொலி' (Trichinopoly), தஞ்சாவூர் 'டேஞ்சூர்' (Tanjore), மதுரை 'மதுரா' (Madura), செங்கல்பட்டு 'சிங்கிள்பட்' (Chingleput). ஆங்கிலத் தேடுபெட்டியில் இந்தப் பழைய ஸ்பெல்லிங்கில்தான் தட்ட வேண்டும். மாவட்ட எல்லைகளும் வேறு. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் என்று 1877இல் தேடினால் எதுவும் வராது.

இரண்டாவது, நடந்ததற்கு வைத்த பெயர். பஞ்சம் தொடங்கிய மாதங்களில் அரசாங்கம் அந்தச் சொல்லையே தவிர்க்கும். 'ஸ்கேர்சிட்டி' (தட்டுப்பாடு) என்பார்கள், 'டிஸ்ட்ரெஸ்' (துயரம்) என்பார்கள், 'பருவ நிலவரம்', 'தானிய விலை' என்று கோப்புக்குத் தலைப்பு வைப்பார்கள். 'ஃபேமின்' (பஞ்சம்) என்று மட்டும் தேடுபவருக்கு முக்கியமான முதல் மாதங்கள் கண்ணிலேயே படாது. நாம் கஞ்சித்தொட்டி என்று சொல்வது அங்கே 'ரிலீஃப் கேம்ப்' ஆகவோ 'கிராட்டூயிட்டஸ் ரிலீஃப்' (இலவச நிவாரணம்) ஆகவோ இருக்கும். ரோடு போட்டுக் குளம் வெட்டிக் கூலி கொடுத்தது 'ரிலீஃப் ஒர்க்ஸ்'. (சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பவர்கள் உண்டு. அந்தப் பெயர் தாது வருஷத்துக்கும் முந்தைய, 1780களின் பஞ்சத்திலிருந்து வந்தது. மக்கள் வாயில் நின்ற சொல் கோப்பில் வேறு வேஷம் போட்டிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

மூன்றாவது, ஆள் பெயர். பொருளைத் தட்டிக் கிடைக்காதது ஆளைத் தட்டினால் கிடைக்கும். அன்றைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, வைஸ்ராய் லிட்டன், வைஸ்ராய் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள், மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இந்த நான்கு பெயர்களையும் 1876–1878 என்ற ஆண்டு வடிகட்டியோடு தேடிப் பாருங்கள், ஒரு மாதத்துக்கான வேலை வந்து விழும்.

நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, இன்றைய சொல் இடப்பக்கம், அன்றைய சொல் வலப்பக்கம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஆவணத்தில் புதிதாக ஒரு சொல் கண்ணில் பட்டால் வலப்பக்கம் சேருங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இதுதான்.

எந்தெந்தத் தளங்களைப் பார்க்க வேண்டும்?

நான் போகும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவ். 1878இல் நியமிக்கப்பட்டு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் இயங்கிய பஞ்ச ஆணையத்தின் 1880 அறிக்கை, டிக்பியின் புத்தகம், லெஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்ட மேனுவல் போன்ற அச்சு நூல்களுக்கு இதுதான் இடம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா ஸ்கேன் செய்த பழைய நூல்களும் ஏராளமாக இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் தலைப்பு விவரங்கள் தாறுமாறு. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக உள்ளிட்டிருக்கிறார்கள். 'தாது' என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கே நான்கைந்து விதமான ஸ்பெல்லிங்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சலிக்காமல் போடுங்கள்.

அடுத்து அபிலேக் படல். தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம். இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இந்திய அரசின் வருவாய், வேளாண்மை, வணிகத் துறைக் கோப்புகளில் பஞ்சத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது, அங்கே தேடுங்கள். இங்கு நீங்கள் தட்டும் சொல் கோப்பின் தலைப்பில்தான் தேடப்படுகிறது, உள்ளே இருக்கும் பக்கங்களில் இல்லை. ஆகவே நீளமான வாக்கியம் வேண்டாம். 'மெட்ராஸ்' என்று ஒரு சொல், ஒரு துறை, ஓர் ஆண்டு என்று வைத்துக்கொண்டு, வருகிற பட்டியலைப் பொறுமையாகக் கீழே வரை வாசியுங்கள்.

மூன்றாவதை மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்: ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. அந்த நாடுகள் தங்கள் பழைய பத்திரிகைகளை இலவசமாக, எழுத்துக்கு எழுத்து தேடும்படி திறந்து வைத்திருக்கின்றன. சேலத்துப் பஞ்சத்துக்கு மெல்போர்ன் பத்திரிகை எதற்கு? 1872இலேயே ஆஸ்திரேலியாவுக்குத் தந்தித் தொடர்பு வந்துவிட்டது. சென்னைச் செய்தி அங்கே உடனுக்குடன் அச்சானது. 1877இல் அங்கே இந்தியப் பஞ்ச நிவாரண நிதியும் திரட்டினார்கள். சென்னையில் அச்சான பத்திரிகையை இணையத்தில் இலவசமாகக் காண்பது கடினம். அதே செய்தியின் மறுபதிப்பு உலகத்தின் மறு கோடியில் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அது கைமாறி வந்த செய்தி. எந்தப் பத்திரிகையிலிருந்து, எந்தத் தேதித் தந்தியிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சத்துக்குத் தப்பிக் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்களைப் பற்றி எழுதுகிறீர்களானால், இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் நடத்திவரும் 'நூலகம்' தளத்தையும் விடாதீர்கள்.

தமிழில் எழுதப்பட்ட சான்றுகளே கிடையாதா?

உண்டு. முதலில் ஒரு பொதுவான தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சுதேசமித்திரனில் பஞ்சச் செய்தி தேடுகிறேன் என்று வருகிறார்கள். சுதேசமித்திரன் தொடங்கியது 1882இல். 'தி இந்து'கூட 1878 செப்டம்பரில்தான் வந்தது, அதாவது பஞ்சம் அடங்கிக்கொண்டிருந்தபோது. தேடுவதற்கு முன்னால் அந்தப் பத்திரிகை அன்றைக்கு இருந்ததா என்று பாருங்கள்.

அன்றைக்கு இருந்த தமிழ்ப் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றின் இதழ்கள் அழிந்துவிட்டன. ஆனால் அவற்றில் என்ன எழுதுகிறார்கள் என்று வேவு பார்க்க அரசாங்கமே மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்தது. 'நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரில் தேடுங்கள். மூலம் போய்விட்டது, கண்காணித்தவரின் குறிப்பு தங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் எதை விட்டார், எதைக் கூர்மையாக்கினார் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். 1878 மார்ச்சில் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த அறிக்கைகளை ஒப்பிடுவதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியதா என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

பஞ்சத்தைப் பற்றிய கும்மி, சிந்து முதலிய சிறு பிரசுரங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களிலிருந்து உருவான நூலகம் அது. அவர் சேர்த்திருக்காவிட்டால் இவற்றில் பல நமக்குக் கிடைத்திருக்காது.

தமிழ் ஆண்டுப் பெயரிலும் கவனம் வேண்டும். தாது என்பது 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை. அடுத்தது ஈசுவர, அதற்கடுத்தது வெகுதானிய. மிகக் கொடுமையான மாதங்களில் பல ஈசுவர ஆண்டில் வருகின்றன. அந்தப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை பெயர் திரும்பி வரும். 1816, 1936 இரண்டும் தாதுதான். அட்டையில் 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் எந்தத் தாது என்று வேறு சான்றால் உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்.

ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிற சொல் தேடலில் ஏன் வரவில்லை?

படத்தை எழுத்தாக மாற்றிய மென்பொருள் தப்பாக வாசித்திருக்கும். பழைய தமிழ் அச்சில் இது இன்னும் அதிகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை', 'றா', 'னா' ஆகியவற்றின் வடிவமே வேறு; பக்க எண்ணும் ஆண்டும் தமிழ் இலக்கத்தில் (௧௮௭௭ என்பது போல) இருக்கும். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. ட்ரோவில் தவறாக மாறிய வரிகளை வாசகரே திருத்தலாம். நீங்கள் படித்த பத்தியைத் திருத்திவிட்டு வாருங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.

ஆவணம் கிடைத்துவிட்டது. அதை எப்படி வாசிப்பது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1877 ஜனவரியில் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு அது. டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கி வந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு.

டெம்பிளின் குறிப்பை மட்டும் படித்தவர், அளவு போதும் என்று எழுதிவிடுவார். கார்னிஷை மட்டும் படித்தவர் அரசாங்கம் முழுவதும் ஒரே குரலில் பேசியதாக நினைக்கமாட்டார். ஆனால் மார்ச்சில் என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு கடிதம் கிடைத்தால் அதற்குப் பதில் எங்கே என்று தேடுங்கள். பதில் கிடைத்தால் அதன் மேல் பிறந்த உத்தரவு எங்கே என்று தேடுங்கள். யார், யாருக்கு, எந்தத் தேதியில், எதைப் பெறுவதற்காக எழுதினார்? இந்தக் கேள்விகளுக்கு ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதாமல் மேற்கோள் எடுக்காதீர்கள்.

அந்த 450 கிராமை வாங்கியவர் எழுதிய கடிதம் உங்களுக்கு அநேகமாகக் கிடைக்காது. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் கிடைக்கும். இதை உங்கள் ஆய்வறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவருடைய வாயில் நீங்களாக வார்த்தைகளை வைக்காதீர்கள்.

ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு எண்கள் வருகின்றனவே?

வரும். இறப்புப் பதிவு அந்த நாளில் ஒழுங்காக நடக்கவில்லை. பதிவு செய்ய வேண்டியவரே ஊரைவிட்டுப் போயிருப்பார். அதனால் இரண்டு மக்கள்தொகைக் கணக்குகளை அருகருகே வையுங்கள். சேலம் மாவட்டத்தில் 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881இல் சுமார் 16 லட்சம் பேர். பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஆனால் குறைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் என்று எழுதிவிடக் கூடாது. இலங்கைக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள், பஞ்ச காலத்தில் பிறக்காமல் போன குழந்தைகள் இருக்கிறார்கள். 1871 கணக்கின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவர் நாம் மேலே பார்த்த அதே கார்னிஷ். கூலிச் சண்டையில் அவர் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார் என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பஞ்சப் படங்களைப் பயன்படுத்தலாமா?

மூலம் தெரியாமல் வேண்டாம். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் படங்கள் சிலவற்றை 1943 வங்கப் பஞ்சம் என்று போட்டுச் சுற்றவிடுகிறார்கள். அவற்றில் பல, ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் சென்னை மாகாணத்தில் இந்தப் பஞ்சத்தின்போது எடுத்தவை. படத்தை வைத்தே தேடும் வசதியைப் பயன்படுத்தி, அருங்காட்சியகமோ நூலகமோ வைத்திருக்கும் பிரதிக்குப் போய், அங்குள்ள குறிப்பைப் படியுங்கள். இன்னொன்று: படத்தில் இருப்பவர்கள் சம்மதம் கேட்கப்படாதவர்கள். அட்டைக்கு அழகு சேர்க்க அவர்களைப் போடாதீர்கள். படத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மட்டும் போடுங்கள்.

சாட்பாட் ஒரு கோப்பு எண் கொடுத்தது. தளத்தில் இல்லையே?

அப்படி ஒரு கோப்பே இல்லாமல் இருக்கலாம். அச்சு அசலாகத் தோன்றும் எண்ணையும் தேதியையும் அவை கற்பனையாக உண்டாக்கிவிடும். பழைய ஸ்பெல்லிங்குகளைப் பட்டியலிட, கடினமான ஆங்கிலப் பத்தியைப் புரிந்துகொள்ள உதவி கேளுங்கள். ஆனால் உங்கள் கண்ணால் பக்கத்தைப் பார்க்காத எதையும் அடிக்குறிப்பில் சேர்க்காதீர்கள்.

காசு கேட்கும் தளங்கள்?

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் போன்றவை சந்தா கேட்கும். உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு பருவத் திட்டத்துக்கு இலவசத் தளங்களே போதும்.

கிடைத்ததை எப்படிக் குறித்து வைப்பது?

பார்த்த அன்றே எழுதுங்கள். துறை, பிரிவு, மாதம், ஆண்டு, நடவடிக்கை எண் அல்லது அரசாணை எண், எந்தக் காப்பகம், எந்தத் தளம், பார்த்த தேதி எல்லாம் வேண்டும். இணைப்பை மட்டும் ஒட்டிவைத்தால் போதாது. இணைப்பு மாறிவிடும், கோப்பு எண் மாறாது.

முடிந்தால் பக்கத்தையே இறக்கி வையுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி மீது நடந்த சைபர் தாக்குதலால் அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் சில நாட்கள் நின்றுபோனது. ஒப்படைக்கும் தேதிக்கு முந்தின வாரத்தில் அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்? கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், துறை, எண் என்ற வரிசையில் வையுங்கள். 'ஸ்கேன் 14 புதியது' என்று வைத்த மாணவி ஒருத்தி, தன்னிடமே இருந்த பக்கத்தை இரண்டு நாள் தேடினாள்.

எழும்பூருக்கு நேரில் போக வேண்டுமா?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பதில் பெரும்பகுதி இணையத்துக்கு வரவில்லை. மாகாண அரசின் வருவாய்த் துறை உத்தரவுகளைப் பார்க்க வேண்டுமானால் போகத்தான் வேண்டும். கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, இணையத்தில் கிடைத்த எண்களோடு போங்கள். வெறும் தலைப்போடு போனால் முதல் நாள் முழுக்கப் பட்டியலிலேயே கழிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. பாட்டி சொன்ன கதையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பாட்டி 1877ஐப் பார்த்தவர் இல்லை. ஆகவே அது அந்த ஆண்டுக்கான நேரடிச் சாட்சியம் ஆகாது. ஊர் அந்தப் பஞ்சத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது முதன்மைச் சான்று. அவர் சொல்கிறபடியே, அவர் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். கதை அவருக்கு யார் வழியாக வந்தது, அந்த மனிதர் எந்த ஊர், நீங்கள் என்றைக்குப் பதிவு செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பஞ்சத்தில் வெட்டிய குளம், போட்ட ரோடு என்று அவர் ஏதாவது காட்டினால், தாலுகாவின் பெயரோடு 'ரிலீஃப் ஒர்க்ஸ்' என்று சேர்த்து மறுபடியும் தேடிப் பாருங்கள். ஊர்ப் பெயரில் வராத குளம் ஏரியின் பெயரில் வரலாம்.